மேற்கு அறையின் காவல்

ஜூன் 3

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

பதினோரு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சிகளைப் படித்தவர் என்ற முறையில் உங்களிடம் ஒரு தகவல் வேண்டும். இந்தத் துறையில் எனக்கு வேறு யாரையும் தெரியாது.

வீட்டில் கறையான் ஏறியிருக்கிறது. சென்ற மாதம் எட்டாம் தேதி, மேற்கு அறைக் கதவின் அடியிலிருந்து எறும்புகள் கூடத்துக்கு வரத் தொடங்கின. நீங்கள் இருந்த அறைதான். நீங்கள் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. கறுப்பு எறும்புகள், நீளமானவை, ராணுவம்போல ஒரே வரிசை. என் வீட்டில் நாற்பத்தெட்டு வருடமாக எறும்பு தங்கியதில்லை. அலமாரிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம், ஜன்னல்களுக்கு எறும்புச் சாக்பீஸ் என்று நான் செய்வதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைக் கேலி செய்தவரும் நீங்கள்தான். கதவிடுக்கில் முதலில் கொதிநீரும் பிறகு மண்ணெண்ணெயும் ஊற்றினேன். ஐந்து நாளில் ஒரு எறும்புகூட இல்லை.

பத்தாம் நாள் காலையில் கூடத்துச் சுவரில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு மண்கோடு. துடைத்தேன். மறுநாள் மறுபடியும் இருந்தது. இன்று அது உத்திரத்துக்கு ஒரு முழம் கீழே நிற்கிறது. அந்த உத்திரம் கூடத்துக்கும் மேற்கு அறைக்கும் சேர்த்துப் போட்ட ஒற்றை மரம் என்பதை உங்கள் அண்ணன் பெருமையாகச் சொல்வார். அது போனால் கூரை முழுவதும் போகும்.

என் மகன் இடித்துவிட்டுக் கட்ட வேண்டும் என்கிறான். இருபத்துநான்காம் தேதி ஒரு பொறியாளரை அழைத்து வருகிறான். உத்திரம் உளுத்துவிட்டது என்று அவர் சொன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு அவனுடைய ஃபிளாட்டுக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் வாக்கு மாறுவதில்லை. ஆகவே உத்திரம் உளுக்கக் கூடாது.

மருந்தடிப்பவர் பன்னிரண்டாம் தேதி வருகிறார். தரையில் துளை போட்டுச் சுவரின் அடியில் ஊற்றுவாராம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி

&nbsp;

ஜூன் 7

அண்ணிக்கு,

முனைவர் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு உங்களிடம் 'நீங்கள்' கிடைத்ததில்லை. பதினோரு வருடம் காணாமல் போனால்தான் மரியாதை வரும்போலிருக்கிறது.

கேட்ட தகவலுக்கு வருகிறேன். எந்த மருந்தும் வேண்டாம். மேற்கு அறைச் சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே ஆறடிகூட இல்லை. சுவரடியில் ஊற்றுவது ஒரு மழைக்குப் பிறகு உங்கள் தம்ளரில் இருக்கும். பக்கத்து இரண்டு வீடுகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன.

இனி, உங்களுக்குப் பிடிக்காத செய்தி. வரிசையாக வந்தவை கட்டெறும்புகள். அவை உங்கள் சர்க்கரைக்கு வரவில்லை, கரையானுக்கு வந்தவை. ஒரு சில முன்னே போய் மோப்பம் பிடிக்கும், பிறகு மொத்தப் படையும் போய் மண்குழாயை உடைத்து ஆளுக்கு ஒரு கரையானைக் கவ்விக்கொண்டு திரும்பும். மழைக்குப் பின் சிறகோடு பறக்கும் ஈசல்களையும் விடாது. புதுக் கூடு வைக்கவிருக்கும் ராணிகள் அதிலேயே முடிந்துவிடும். கரையானுக்கு உலகத்திலேயே எறும்பைவிடப் பெரிய எதிரி கிடையாது.

அந்த அறை ஒன்றுதான் உங்கள் துடைப்பம் போகாத இடம். அதனால் அங்கே ஒரு காவல் இருந்திருக்கிறது. நீங்கள் காவல்காரர்கள் மேல் கொதிநீர் ஊற்றிவிட்டு, திருடன் வந்துவிட்டான் என்று எனக்குக் கடிதம் போடுகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் என் பங்குக்கான சம்மதப் பத்திரத்தில் ஏப்ரல் மாதமே கையெழுத்துப் போட்டு உங்கள் மகனிடம் கொடுத்துவிட்டேன். இடிக்கட்டும். வாசற்காலில் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது?

பூச்சி

&nbsp;

ஜூன் 10

பூச்சிக்கு,

'கறையான்' என்பதற்கு வல்லின றகரம். கடிதம் முழுக்கத் தவறாக எழுதியிருக்கிறாய். சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். உனக்கும் சௌகரியம், எனக்கும் பழக்கம்.

நீ கையெழுத்துப் போட்டாய் என்று என் மகன் சொல்லவில்லை. சொல்லத் துணிவில்லாமல் இரண்டு மாதமாக என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதைப் பற்றி இப்போது எழுதினால் நிதானம் தவறும். எழுதவில்லை.

நேற்று அறையைத் திறந்தேன். பூட்டு திறக்கவில்லை, கதவுதான் நிலையோடு கழன்று வந்தது. உன் புத்தக அலமாரி நின்ற இடத்தில், அலமாரியின் வடிவத்தில் மண் நிற்கிறது. விரலால் தொட்டேன், இரண்டு தட்டுகள் உதிர்ந்தன. ஜன்னல் சட்டம் வெறும் பெயிண்ட் தோல். மேற்குச் சுவரில் ஒரு மண்கோடு உத்திரத்தின் முனையைத் தொட்டே விட்டது. கூடத்தில் ஒரு முழம் மிச்சம், இங்கே மிச்சமே இல்லை. ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எறும்பு ஒன்றும் இல்லை.

மருந்தடிப்பவருக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். உடனே மகனின் தொலைபேசி.

"ஏம்மா, அந்த ஆளைப் பிடிக்க நான் எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா?"

"கிணறு இருக்குப்பா."

"கிணறு இருக்கட்டும். மருந்தில்லாம வேற என்ன பண்ணப் போறே?"

"எறும்பு விடப் போறேன்."

"அம்மா, நீ சாப்பிட்டியா? தலை சுத்துதா?" என்றான். "கூரை உன் தலைமேல விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்று கேட்டபோது அவன் குரல் உடைந்தது. அவன் கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கல்.

ஆக, உன் பேச்சை நம்பி ஒரு வாய்ப்பைக் கைவிட்டிருக்கிறேன். எறும்பைக் கொண்டுவரும் வழியைச் சொல். பதினான்கு நாட்கள் இருக்கின்றன.

வாசற்காலில் நான் எழுதியது என்கிறாயே, அது என்ன? உனக்கு நான் வாசற்காலில் எதுவும் எழுதியதில்லை. சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்கிறவள் நான்.

அண்ணி

&nbsp;

ஜூன் 13

அண்ணிக்கு,

அகராதியில் இரண்டு ரகரத்துக்கும் இடம் உண்டு. உங்கள் வீட்டைத் தின்பதற்கு அது எழுத்துக்கூட்டிப் பார்ப்பதில்லை.

எறும்பைக் கொண்டுவர முடியாது. பிடித்து வந்து விட்டால் போய்விடும். அது இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் கூடு அந்த அறையில் இருந்திருந்தால், ராணி பிழைத்திருந்தால், இரண்டு வாரத்தில் மறுபடி தலைகாட்டலாம். நீங்கள் செய்ய வேண்டியது: வீட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய், ஒரு கோடு சாக்பீஸ் இருக்கக் கூடாது. ஊற்றிய இடங்களைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், அந்த வாடை இருக்கும்வரை வராது. தினமும் காலையில் மண்குழாய்களை நான்கைந்து இடத்தில் உடைத்துவிடுங்கள். கரையான் அடைக்க ஓடிவரும். அந்த வாசனைதான் எறும்புக்கு அழைப்பு. குழாயை முழுதாகத் துடைத்துவிடாதீர்கள், அழைப்பையும் சேர்த்துத் துடைத்ததாகிவிடும். கூரையில் ஒழுகல் இருந்தால் இன்றே அடைக்கச் சொல்லுங்கள். ஈரம் இல்லாவிட்டால் கரையான் பாதி பலம் இழக்கும். ஏணியில் நீங்கள் ஏற வேண்டாம். எழுபத்துநான்கு வயது.

பொய்யாக நம்பிக்கை கொடுக்க மாட்டேன். எறும்பு வேலிதான், மருந்து அல்ல. உள்ளே ஏற்கனவே தின்றதை அது திருப்பித் தராது.

அந்த வார்த்தையை நான்தான் நினைவுபடுத்த வேண்டுமா? அண்ணன் போன மறுவருடம். முந்தின நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில், சர்க்கரை டப்பாவில் எறும்பைக் காட்டி, "இந்த வீட்டில் பூச்சிக்கு இடம் கிடையாது" என்றீர்கள். என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அண்ணன் எனக்கு வைத்த பெயர் அது. மறுநாள் மதியம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தேன். என் அறையின் வாசற்காலில், தோள் உயரத்தில், சாக்பீஸால், உங்கள் கான்வென்ட் கையெழுத்தில், புள்ளி தவறாமல் எழுதியிருந்தது: 'செல்'.

உங்களைத் தவிர வேறு யார் 'போ' என்பதைச் 'செல்' என்று எழுதுவார்கள்? இலக்கண சுத்தமாக வெளியேற்றப்பட்டவள் நான் ஒருத்திதான். அன்று மாலையே பெட்டியைக் கட்டினேன். வாசலில் நின்றீர்கள். ஏன் போகிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை.

பூச்சி

&nbsp;

ஜூன் 16

பூச்சிக்கு,

உன் கடிதத்தை முந்தாநாள் காலையில் படித்தேன். மதியம் மறுபடி படித்தேன். இப்போதுதான் பேனா எடுக்க முடிந்தது.

அது உனக்கு எழுதியது அல்ல. தச்சருக்கு எழுதியது.

அந்த வாரம் வீட்டைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்திருந்தேன். சமையலறைச் சுவரில் 'ஈரம்' என்று எழுதினேன். பின்கதவுத் தாழில் 'துரு'. உன் வாசற்காலைத் தட்டியபோது அடியில் உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டது. 'செல்' என்று எழுதினேன். செல் அரித்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று தச்சருக்குப் புரியும். புரியாதவள் முப்பது வருடம் கறையானைப் படித்த நீ! அந்தப் பூச்சிக்குத் தமிழில் இன்னொரு பெயர் உண்டு என்பது உனக்குத் தெரியாதா?

கோபமாகத் தொடங்கிவிட்டேன். கோபம் என்மேல்தான்.

அந்த ஒரு சொல்லோடு இன்னும் இரண்டு சொல் எழுதியிருக்கலாம். சாக்பீஸ் இருந்தது, மரத்தில் இடமும் இருந்தது. சுருக்கமாக எழுதுவது நல்ல பழக்கம் என்று எனக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நான் மிகவும் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

நீ பெட்டியோடு இறங்கியபோது ஏன் கேட்கவில்லை என்றால், சொல்லாமல் போகிறவளிடம் நான் ஏன் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். உன் அண்ணன் போன ஒரு வருடத்தில் நீயும் போகிறாய் என்றால் நான் உனக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம் செய்துகொண்டேன். மறுநாள் தச்சர் வந்தார். அந்த அறையில் கை வைக்க வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டுப் பூட்டினேன். அன்று அவர் அந்தச் சட்டத்தை மாற்றியிருந்தால் விஷயம் ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும். கறையானுக்குப் பதினோரு வருடம் கொடுத்தவள் நான்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். முந்தின நாள் மேசையில் சொன்னது உன்னை நினைத்துத்தான் சொன்னேன். டப்பாவில் இருந்த எறும்பு எனக்கு ஒரு சாக்கு. அவருடைய நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய். உனக்கு அவருடைய சிரிப்பு. அதைத் தினமும் பார்க்க என்னால் முடியவில்லை.

நீ சொன்னபடியே செய்கிறேன். சாக்பீஸ் டப்பாவைத் தெருமுனைத் தொட்டியில் போட்டேன். தரையை நானே சோப்புப் போட்டுக் கழுவினேன். தினமும் எட்டு மணிக்குக் குடைக்கம்பியால் குழாய்களை உடைக்கிறேன். ஏணியில் ஏறுகிறேன், அதைப் பற்றி எழுதாதே.

நேற்று பத்து மணிக்கு, ஜன்னலுக்கு மேலே சுவரும் கூரையும் சேரும் வெடிப்பிலிருந்து மூன்று எறும்புகள் எட்டிப் பார்த்தன. இன்று பன்னிரண்டு. எண்ணினேன்.

அண்ணி

&nbsp;

ஜூன் 19

அண்ணி,

கடிதம் கிடைத்தது. நானும் கேட்டிருக்கலாம். "இது என்ன?" என்று இரண்டு சொல். மாணவர்களிடம், பார்த்ததும் முடிவு கட்டாதே, மூன்று முறை சோதித்துப் பார் என்று சொல்லிப் பிழைத்தவள் நான். ஒரு சாக்பீஸ் எழுத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ரயில் ஏறினேன்.

மேசையில் சொன்னதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. வலித்தது. மற்றது முழுவதையும் நான் நம்புவதே அதனால்தான்.

உடனே உங்கள் மகனோடு பேசினேன்.

"அத்தை, அம்மாவுக்கு இந்த எறும்புப் பைத்தியத்தை ஏத்தி விட்டது நீங்கதானா?"

"ஆமாம். அந்தக் கையெழுத்தைத் திருப்பிக் கொடு."

"அதெப்படி? பத்திரம் வக்கீல்கிட்ட இருக்கு. ரத்து பண்ணணும்னா நீங்க நேர்ல வந்து எழுதிக் கொடுக்கணும். எதுக்கு அத்தை அவசரம்? இருபத்துநாலாம் தேதி உத்திரம் போச்சுன்னு அவர் சொல்லட்டும், தானா முடிஞ்சிடும்."

ஆகவே எல்லாம் உத்திரத்தின் கையில். வெடிப்பில் இருப்பது கூடுதான். அதைப் பூசிவிடாதீர்கள், கூரை வேலைக்காரரையும் அந்த மூலையில் விடாதீர்கள். பன்னிரண்டு என்பது உளவுப்படை. பத்து மணி வெயிலுக்குள் அவை திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். படை வருகிறதா என்பது இரண்டு நாளில் தெரியும். வராவிட்டால் நான் சொன்னதெல்லாம் வெறும் புத்தகம்.

ஏணியைப் பற்றி எழுதவில்லை.

பூச்சி

&nbsp;

ஜூன் 25

பூச்சிக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இருபதாம் தேதி ஒன்றும் வரவில்லை. முன்பு வந்த பன்னிரண்டுகூட வரவில்லை. அன்று என் துணிகளை எடுத்து மடித்து வைத்தேன். ஃபிளாட்டில் எனக்கு ஒரு அலமாரிதான் என்று மருமகள் முன்பே சொல்லியிருக்கிறாள்.

இருபத்தொன்றாம் தேதி ஒன்பதரைக்கு வெடிப்பிலிருந்து கறுப்பாக ஒன்று ஒழுகுவதுபோல் இருந்தது. தண்ணீர் என்று நினைத்து வாளி எடுக்கப் போனேன். எறும்புகள். மேற்குச் சுவரில் நான் உடைத்து வைத்த இடத்துக்கு நேராக இறங்கின. கறையான் சிப்பாய்கள் ஓட்டையில் தலையைக் கொடுத்து அடைத்தன. தலையோடு இழுத்து எறிந்துவிட்டு உள்ளே போயின. முக்கால் மணியில் திரும்பின. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஒன்று, சிலவற்றின் வாயில் இரண்டு மூன்று. அவை போகும்போது குழாய்க்குள்ளிருந்து மெல்லிய சலசலப்பு கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கடைசி எறும்பு போகும்வரை நின்றேன். வரிசை என் செருப்பின்மேல் ஏறித்தான் போயிற்று. இரண்டு கடித்தன. கால் வீங்கியிருக்கிறது.

மறுநாளும் வந்தன. அதற்கு மறுநாள் கூடத்துச் சுவருக்கும் வந்தன. உடைத்த குழாய்களை அடைக்க யாரும் வரவில்லை.

நேற்று பொறியாளர் வந்தார். சின்னச் சுத்தியலும் துளைக்கருவியும். கிழக்கு முனையிலிருந்து தட்டத் தொடங்கினார். மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் உட்கார மறுத்துவிட்டேன். டொக், டொக் என்று கூடம் முழுவதும் ஒரே சத்தம். மேற்கு அறைக்குள் போனதும் ஓரிடத்தில் சத்தம் மாறியது. அவர் நிறுத்தினார். திரும்பி மகனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. துளை போட்டார். மண் கொட்டியது. ஒரு சாண் தள்ளி இன்னொரு துளை, அதிலும் மண். அதற்கும் ஒரு சாண் தள்ளிப் போட்டபோது மரத்தூள் வந்தது, மஞ்சளாக, வாசனையோடு.

"ஒரு முழம் போயிருக்கு. மிச்சம் இரும்பு மாதிரி இருக்கு" என்றார். "முனையை அறுத்துட்டு ஒரு தூண் குடுத்தா இன்னும் ஐம்பது வருஷம் நிக்கும். ஆனா இந்த அறையோட கூரையும் மரமும் மொத்தமா கழட்டணும்மா. எங்க மருந்தடிச்சீங்க? குழாயெல்லாம் காலியா இருக்கே."

"மருந்து இல்லை. எறும்பு."

"எறும்பு மருந்தா?"

"இல்லை சார்," என்றான் என் மகன், பல்லைக் கடித்துக்கொண்டு. "எறும்பு."

வாக்கு வாக்குதான், உத்திரம் போகவில்லை, நான் கையெழுத்துப் போடவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை. படியிறங்கும்போது, "அத்தை பத்திரம் மட்டும் அப்படியே நிக்குதும்மா. நாளைக்கே அது ஒரு தகராறா வரும்," என்றான். உண்மைதான். அதை ரத்து செய் என்று நான் கேட்கப் போவதில்லை. உன் அறையை நான் காப்பாற்றவில்லை. நான்கு சுவர் மட்டும் மிஞ்சும். அதற்குப் பிறகு உன் பங்கு உன் விருப்பம்.

ஒரு கேள்விக்கு மட்டும் விடை வேண்டும். நேற்றிலிருந்து அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு முழம் எப்போது போயிற்று? நாம் பேசாமல் இருந்த பதினோரு வருடத்திலா, அல்லது நான் மண்ணெண்ணெய் ஊற்றிய இந்த ஒரு மாதத்திலா? சமாதானம் சொல்லாதே. எனக்குச் சரியான விடை வேண்டும்.

அண்ணி

&nbsp;

ஜூன் 28

அண்ணி,

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வக்கீல் அலுவலகத்தில் இருப்பேன். உங்கள் மகன் அழைத்துப் போகிறான். அவனிடம் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன், அவனும் போட்டான், பிறகு என் ரயிலுக்கு வந்து நிற்பதாகச் சொன்னான். பத்திரத்தை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். காலில் வீங்கிய இடத்தை எதையாவது போட்டுத் தேய்க்காதீர்கள், குளிர்ந்த தண்ணீர் போதும்.

உங்களைப் பார்க்க வருகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கூட்டைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அறையைப் பிரிக்கும்போது அதை எப்படிக் கலைக்காமல் வைப்பது என்று வேலைக்காரர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். கழட்டும் வேலை நான்கு நாள் ஆகலாம். நான்கு நாள் எங்கே படுப்பது என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் கேள்விக்குக் கடிதத்தில் விடை சொல்ல முடியாது. அறுத்தெடுக்கும் துண்டை எறியாமல் வையுங்கள். உள்ளே இருக்கும் மண் ஈரமாகவும் கருமையாகவும் இருந்தால் அது இந்த ஒரு மாதத்து வேலை, நீங்கள் செய்தது. காய்ந்து வெளிறி, தொட்டதும் தூளாகப் போனால் பழையது, நாம் இருவரும் சேர்ந்து செய்தது. கையில் எடுத்துப் பார்த்ததும் உள்ளதைச் சொல்வேன். குறைத்துச் சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

வாழ்நாள் முழுதும் எந்தச் சோதனைக்கும் விடையை முன்கூட்டியே விரும்பிக்கொண்டு போனதில்லை. எங்கள் தொழிலில் அது பெரிய தவறு. இந்த முறை அந்த மண் காய்ந்திருக்க வேண்டும் என்று விரும்பிக்கொண்டே வருகிறேன்.

பூச்சி